நாற்பது விநாடித் தோடி

அக்கா பாடுவதை நிறுத்தியது ஓர் ஆவணி மாதத்தில். அழுது ஆர்ப்பாட்டம் பண்ணி, சபதம் போட்டு நிறுத்தினாள் என்று நினைக்க வேண்டாம். ஒரு நாள் காலையில் சாதகம் பண்ண உட்காரவில்லை. மறுநாளும் உட்காரவில்லை. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். டிபன் கட்டிக்கொண்டு ஆபீஸ் போனேன், சாயங்காலம் திரும்பி வந்தேன். வீடு வைத்தது வைத்தபடி இருந்தது.

மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், இரண்டாவது மாடியில், அப்பா விட்டுப்போன ஃப்ளாட். நானும் அக்காவும் மட்டும்தான். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை. அது வேறு கதை, அதை இங்கே இழுக்கப் போவதில்லை. நான் மவுண்ட் ரோட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் குமாஸ்தா. அக்கா பாட்டு. யாராவது அவள் என்ன செய்கிறாள் என்று விசாரித்தால் 'பாட்டு' என்று ஒரே வார்த்தையில் சொல்லிப் பழகியிருந்தேன். நான் அவளுக்குத் தம்பூரா போடுகிறவள். பாவாடை சட்டை காலத்திலிருந்து போடுகிறேன். அதற்குப் பெரிய வித்தை ஒன்றும் வேண்டாம், தூங்கி வழியாமல் இருந்தால் போதும் என்று அவளே கிண்டல் பண்ணுவாள். சபா நோட்டீஸில் வயலின்காரர் பேர் இருக்கும், மிருதங்கக்காரர் பேர் இருக்கும். தம்பூராவுக்குப் பேர் போடுகிற வழக்கம் கிடையாது. எனக்கு அதில் வருத்தமும் இல்லை.

மார்கழி சீசனில் ஒரு சபாவில் அவளுக்கு வருஷா வருஷம் பகல் கச்சேரி. டிக்கெட் இல்லாத கச்சேரி. வருகிறவர்களில் பாதிப் பேர் கேன்டீனில் சாப்பிட்ட களைப்புக்கு ஃபேன் தேடி வருகிறவர்கள். என்றைக்காவது சாயங்காலத்துக்கு ஏற்றிவிடுவார்கள் என்று அக்கா காத்துக்கொண்டிருந்தாள். காத்திருந்தே நாற்பது வயதைத் தாண்டினாள். அந்த வருஷம், ஆவணிக்குக் கொஞ்சம் முன்னால், சபா செயலாளர் மாமா வீட்டுக்கே வந்து, காபி குடித்துவிட்டு, இனிமேல் சின்னவர்களுக்கு வழி விட வேண்டும், நீ பெரிய மனசு பண்ணணும் என்றார். பகல் கச்சேரியும் போயிற்று என்பதற்கு அதுதான் அர்த்தம். அக்கா முகம் மாறாமல், இன்னும் கொஞ்சம் காபி தரட்டுமா என்று கேட்டாள். எனக்குத்தான் அந்த டம்ளரைப் பிடுங்கி வாசலில் கொட்டலாமா என்று ஆத்திரம் வந்தது. அவர் படி இறங்கிப் போன பிறகு அந்த ஆத்திரமும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

கட்டிலுக்கு அடியில் கேஸட்டுகள் பெட்டி பெட்டியாக இருந்தன. அதற்கு முந்தின வருஷம் தி. நகரில் ஒரு சின்ன ஸ்டூடியோவில் எங்கள் செலவில் பதிவு பண்ணியது. கம்பெனிகள் எதுவும் போட முன்வரவில்லை, நாமே போட்டுக்கொள்ளலாம் என்று துணிந்து இறங்கினோம். ஒரு பக்கம் முழுக்கத் தோடி ராகம், மறுபக்கம் சில்லறை உருப்படிகள். அட்டையில் அக்கா தம்பூராவை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற படம். பாடுகிறவர்கள் எல்லோரும் அப்படித்தான் படம் எடுத்துக்கொள்வார்கள். கையில் தம்பூரா இல்லாவிட்டால் பாடகி மாதிரி இருக்காது என்று போட்டோக்காரரே கொண்டுவரச் சொன்னார். லஸ் முனையில் ஒரு கடைக்காரர், விற்றால் பார்க்கலாம் என்று சிலவற்றை வாங்கி வைத்தார். அடுத்த மாதம் போனபோது அவை சுப்ரபாத கேஸட்டுகளுக்குப் பின்னால் போயிருந்தன. அதற்கடுத்த மாதம் நான் போகவில்லை.

ஆவணி போய்ப் புரட்டாசியும் பாதியானபோது, ஒரு நாள் சாப்பிடும்போது நானே வாயைத் திறந்தேன். இப்படியே விட்டுவிடப் போகிறாயா என்றேன். அக்கா ரசம் சாதத்தைப் பிசைந்துகொண்டே, இருந்து இருந்து ஒரே ஒரு தடவை பதில் சொன்னாள்.

"ஊர் பேர் தெரியாத ஒருத்தர், ஒறவும் இல்லை, தாட்சண்யமும் இல்லை, என் பாட்டைக் காசு கொடுத்து வாங்கட்டும். அன்னிக்குப் பாடறேன். இல்லேன்னா இதோட போறும்."

அவள் சொன்னால் சொன்னதுதான். எனக்கு அது தெரியும். அந்த ஒரு ஆளை எங்கே போய்ப் பிடிப்பேன் என்று மறுநாள் பூராவும் ஆபீஸில் பைல்களைப் பார்த்துக்கொண்டே யோசித்தேன்.

எங்கள் டேப் ரிக்கார்டரை ரிப்பேர் பார்க்கிறவர் ஒருத்தர் அடையாறில் கடை வைத்திருந்தார். நொச்சிக்குப்பத்துக்காரர், என் வயதுதான் இருக்கும். அவருடைய அம்மா கடற்கரை ரோட்டோரம் மீன் விற்றுக் கடையைப் போட்டுக்கொடுத்திருந்தார். டேப் ரிக்கார்டர் ரிப்பேர் படுத்துவிடும் என்று தெரிந்து, கடையைப் பாதியாகத் தடுத்து நாலு கம்ப்யூட்டர் போட்டு, பிரவுசிங் சென்டர் என்று போர்டு மாட்டியிருந்தார். அவரிடம் ஹெட் துடைக்கக் கொடுத்துவிட்டு நிற்கும்போது, ஏதோ பேச்சுவாக்கில் கேஸட் விஷயத்தைச் சொன்னேன். இன்டர்நெட்டில் ஒரு பேஜ் போட்டுவிடலாம், இடம் இலவசமாகவே கிடைக்கிறது, உலகம் பூராவும் பார்ப்பான் என்றார். உங்க பேஜைக் காட்டி, காசு கொடுத்துப் பேஜ் போட நாலு கடைக்காரனைப் பிடித்துக்கொள்கிறேன், எனக்கு வேறொன்றும் வேண்டாம் என்றும் சொன்னார். அக்காவைக் கூட்டிக்கொண்டு போனேன். அவள் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. புடவை மாற்றிக்கொண்டு வந்தாள்.

பேஜ் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் தயாராகிவிட்டது. மேலே அக்கா பேர், அதன் கீழே தம்பூராவோடு அந்தப் படம், உருப்படிகளின் பேர், கேஸட் வேண்டுமானால் எந்த விலாசத்துக்கு டிராஃப்ட் அனுப்ப வேண்டும் என்ற விவரம். எல்லாம் சரி. சாம்பிளுக்குக் கொஞ்சம் பாட்டுப் போட வேண்டும், அங்கேதான் இடித்தது. அந்த இலவச இடத்தில் நாற்பது விநாடிக்கு மேல் கொள்ளாது. அந்த நாற்பது விநாடியை இறக்குவதற்குள்ளேயே ஒருவன் காபி போட்டுக் குடித்துவிடலாம். எந்த நாற்பது விநாடி என்பதுதான் கேள்வி.

அக்காவுக்குச் சந்தேகமே இல்லை. ஆரம்பத்திலிருந்து. தோடியை நடுவிலிருந்து வெட்டி எடுத்தால் கேட்கிறவர்களுக்கு என்ன புரியும், அது தோடிக்கே அவமானம் என்றாள். ஆனால் அவள் ஆரம்பம் எப்படிப்பட்டது என்று எனக்குத்தான் தெரியும். சுருதி காதில் வந்து நிற்கிற வரைக்கும் வாயைத் திறக்கமாட்டாள். ஸ்டூடியோக்காரர் அந்த இடத்தை வெட்டிவிடலாம் என்று கெஞ்சிப் பார்த்தார், விடவில்லை. ஆகவே நாற்பது விநாடியில் முக்கால்வாசிக்கு மேல் என் தம்பூரா. கடைசியில் அக்கா வாயைத் திறக்கிறாள், ஓர் இழுப்பு, அதோடு முடிந்துவிடும்.

பிரவுசிங் சென்டர்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னா மேடம், பாட்டு எங்க கீது? ஒரே ஙொய்யினு சவுண்டுதான் கீது. ஸ்பீடா ஒண்ணு பாட்றாங்களே, அத்த போடலாம். ஃபாரின்காரன் மிஷின் ரிப்பேர்னு நெனச்சுக்கினு போய்க்கினே இருப்பான்."

அக்காவுக்கு அது காதில் விழுந்தது. "சுருதியே தெரியாதவா பாட்டை வாங்கி என்ன பண்ணப் போறா?" என்றாள். அவர் மறுபடி ஹெட்போனை மாட்டிக்கொண்டார். எனக்கும் அவள் சொன்னது நியாயமாகத்தான் பட்டது. மயிலாப்பூரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு வேறு எப்படிப் படும்? ஆரம்பத்திலிருந்தே போட்டோம்.

பேஜின் அடியில் எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டுகிற ஒரு கவுண்டர் இருந்தது. சனிக்கிழமை அரை நாள் ஆபீஸ் முடிந்து நான் போய்ப் பார்ப்பேன். எண் கூடியிருக்கும். அடடா என்று நினைப்பேன். அப்புறம்தான் தெரிந்தது, நான் திறந்து பார்க்கிறபோதெல்லாம், அவர் கடைக்காரர்களுக்குக் காட்டுகிறபோதெல்லாம், அது எங்களையே எண்ணிக்கொண்டிருந்தது. பார்த்தவர்கள் எழுதிவிட்டுப் போக ஒரு பக்கம் வைத்திருந்தோம். பேஜ் நன்றாக இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். அக்கா கட்டியிருந்த புடவை எந்தக் கடையில் வாங்கியது என்று ஒருத்தி கேட்டிருந்தாள். அமெரிக்காவில் இருக்கிற பெரியம்மா பையன், பிரமாதம், அடுத்த தடவை யாராவது வந்தால் அவர்கள் கையில் இரண்டு கேஸட் கொடுத்து விடு என்று எழுதினான். அக்காவிடம் சொன்னேன். ஒறவுக்காரா சேத்தி இல்லை என்று ஞாபகப்படுத்தினாள்.

சும்மா பேஜைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் யார் வருவார்கள்? கர்நாடக சங்கீதத்தைப் பற்றிச் சண்டை போட்டுக்கொள்வதற்கென்றே இன்டர்நெட்டில் ஒரு குழு இருந்தது. வெளிநாட்டில் வேலையில் இருக்கிற நம் ஆட்கள்தான் அதில் முக்கால்வாசி. அதில் போய், இந்த மாதிரி ஒரு கேஸட் இருக்கிறது, வாங்கிக் கேளுங்கள் என்று எழுதினேன். ஓடி வந்து உதைக்காத குறை. இது பாண்டி பஜார் இல்லை, கூவி விற்கிறதானால் வேறு இடம் பாருங்கள் என்று ஒரு மனுஷர் மூஞ்சியில் அடித்த மாதிரி எழுதிவிட்டார். நாலு நாள் அந்தப் பக்கமே போகவில்லை. அப்புறம் ஒரு வழி கண்டுபிடித்தேன். அங்கே யாராவது ராகத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டால் அதை எழுதிக்கொண்டு வந்து அக்காவிடம் கேட்பேன். அவள் சொல்கிற பதிலைப் போட்டு, அடியில் அவள் பேரும் பேஜின் விலாசமும் போட்டுவிடுவேன். விற்பனை என்ற பேச்சே எடுப்பதில்லை. அதற்கு நல்ல மரியாதை கிடைத்தது. என்னை உதைத்த அதே மனுஷர், விதுஷிக்கு நமஸ்காரம் என்று எழுதினார்.

அக்கா பதில் சொல்லும்போதும் பாடிக் காட்டமாட்டாள். கத்திரிக்காய் விலை சொல்கிற மாதிரி ஸ்வரங்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டு போவாள். இந்த இடத்தில் கமகம் எப்படி வரும் என்று வேண்டுமென்றே கேட்டுப் பார்ப்பேன். காற்றில் விரலை வளைத்துக் காட்டுவாள், அவ்வளவுதான். மாசக்கணக்கில் ஒரு முனகல்கூட இல்லாத வீடு. பக்கத்து வீட்டு மாமி, உங்காத்துல எல்லாரும் சௌக்கியந்தானே என்று ஒரு நாள் வந்து கேட்டுவிட்டுப் போனாள். சௌக்கியம் என்றேன். அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை. எனக்கு அந்த நாட்களில் எதுவுமே உறைக்கவில்லை, பல் டாக்டர் ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, அப்படி.

மார்கழி பிறந்தது. சீசன் டிக்கெட்டைப் பையில் சொருகிக்கொண்டு ஜனங்கள் சபா சபாவாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு சனிக்கிழமை பிரவுசிங் சென்டர்காரர் போன் பண்ணினார். ஆர்டர் வந்திருக்கிறதாம், ஒன்றிரண்டு கேஸட் இல்லையாம், ஒரு வகுப்புக்கே வேண்டுமாம், பாட்டு மேடத்தை உடனே கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். அவர் குரலில் இருந்த சந்தோஷத்தைக் கேட்டு நான் மேற்கொண்டு எதையும் கேட்கவில்லை. அவரும் முதல் நாலு வரியைப் படித்ததுமே போனைத் தூக்கியிருக்கிறார்.

அக்கா அலமாரியைத் திறந்து நல்ல புடவையாக எடுத்துக் கட்டிக்கொண்டாள். கீழே இறங்கி வந்ததும் தெரு முனையில் பூ வாங்கி வைத்துக்கொண்டாள். பஸ்ஸில் ஜன்னலோரம் அவளுக்கு இடம் கிடைத்தது, நான் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடையாற்றுப் பாலத்தில் வண்டி ஏறும்போது பார்த்தேன், அவள் விரல் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. குனிந்து கேட்டேன். மெல்லிசாக, தனக்குள்ளேயே, தோடி. ஆவணிக்கப்புறம் முதல் தடவை. தெய்வமே, என்று இருந்தது எனக்கு. அந்தப் பஸ்ஸில் எல்லாருக்கும் நானே டிக்கெட் எடுக்கலாம் போல இருந்தது.

கம்ப்யூட்டர் முன்னால் அக்காவை உட்கார வைத்தார். நான் நாற்காலிக்குப் பின்னால் நின்றேன். எழுதியது ஏதோ ஒரு குளிர் தேசத்துப் பெண்மணி. யோகாவும் தியானமும் சொல்லிக்கொடுக்கிற பள்ளிக்கூடம் நடத்துகிறாளாம். எங்கள் நாற்பது விநாடியை வகுப்பில் திரும்பத் திரும்பப் போட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறார்களாம். எத்தனையோ மின்சாரப் பெட்டிகள் வாங்கிப் பார்த்தாளாம், இந்த நாதம் எதிலும் இல்லையாம். படத்தில் வாத்தியத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் உங்கள் கையில் எத்தனை அமைதி என்று அக்காவைப் புகழ்ந்திருந்தாள். மாணவர்கள் எல்லாருக்கும் ஒவ்வொரு கேஸட் வேண்டும், இரண்டு பக்கமும் முழுசாக இதே வாசிப்பு. கடைசியில் ஒரு வேண்டுகோள். துண்டு முடிகிற இடத்தில் ஒரு குரல் குறுக்கே வருகிறது. அந்தக் குரல் இல்லாமல் கொடுக்க முடியுமா?

அக்கா திரையில் விரலை வைத்து வரி வரியாகப் படித்துக்கொண்டு போனாள். கடைசி வரியில் விரல் நின்றது. ஆரம்பத்துக்குப் போய் இன்னொரு தடவை படித்தாள்.

என் வாசிப்பைப் பற்றி அதுவரை இந்த உலகத்தில் ஒருத்தரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சந்தோஷப்படலாமா என்று மனசு ஒரு கால் எடுத்து வைத்தது. அக்காவின் தலையில் அந்தப் பூவைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டது. அதற்கப்புறம் எதுவுமே வரவில்லை, கோபமும் வரவில்லை, துக்கமும் வரவில்லை.

டீ வாங்கி வந்த பிரவுசிங் சென்டர்காரர், எவ்வளவு கேட்கிறார்கள் என்று ஆவலாக விசாரித்தார். நிறையக் கேட்கிறாள் என்றாள் அக்கா. டீயை வாங்கிக் குடித்தாள்.

"முடியாதுன்னு எழுதிடலாம்" என்றேன்.

"ஏன்? பண்ணிக் கொடுப்போம்."

"நீ உன் பாட்டைன்னா சொன்னே. அவ பாட்டையா கேக்கறா?"

"இத்தனை வருஷத்துல நம்மாத்துலேந்து ஏதாவது வேணும்னு யார் கேட்டா? இவ கேக்கறா. எழுதுடி."

நான் எழுதவில்லை. அவளே கீபோர்டை இழுத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். நன்றி, கேட்டபடி செய்து அனுப்புகிறோம், குரல் இருக்காது. அவ்வளவுதான் பதில். வாசித்தது என் தங்கை என்று ஒரு வரி சேர்க்கட்டுமா என்று என்னைக் கேட்டாள். வேண்டாம் என்றேன்.

மறுநாள் மத்தியானம் வீட்டிலேயே பதிவு. பிரவுசிங் சென்டர்காரர் ஒரு மைக்கைக் கொடுத்து அனுப்பியிருந்தார். அக்கா ஜன்னல்களையெல்லாம் சாத்தினாள். ஃபேனை நிறுத்தினாள். கீழ் வீட்டில் போய்க் கொஞ்ச நேரம் குக்கர் வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள். மைக்கைத் தம்பூராவின் குடத்துக்குப் பக்கத்தில் வைத்து, எட்டப் போய் நின்று பார்த்து, மறுபடி நகர்த்தினாள். எந்தச் சுருதியில் வேண்டும் என்று அந்தப் பெண்மணி எழுதவில்லை. அக்கா தானே தம்பூராவை வாங்கித் தன் சுருதிக்குச் சேர்த்து என் கையில் கொடுத்தாள். டேப்பை ஓடவிட்டு, எனக்கு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

கச்சேரியில் நான் பார்ப்பதெல்லாம் அவள் முதுகுதான். தம்பூரா போட்டுக்கொண்டே அவள் முகத்தைப் பார்த்தது அன்றைக்குத்தான். கண்ணை மூடிக்கொண்டிருந்தாள். நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சுருதி மெல்ல மெல்ல ஏறி அறை முழுக்க நிறைந்தது. அது காதில் வந்து நிற்கிற இடம் எனக்குத் தெரியும், அந்த இடத்தில் அவள் தோள் கொஞ்சம் எழும்பும். எழும்பியது. உதடு பிரிந்தது.

பாடிவிடு, என்று எனக்குள்ளே கத்தினேன். பாடிக் கெடுத்துவிடு, டேப் பாழாய்ப் போகட்டும், அந்தக் குளிர் தேசத்துக்காரி நாசமாய்ப் போகட்டும். என் விரல் மட்டும் ஒன்றும் தெரியாததுபோலத் தந்திகளைத் தொட்டுக்கொண்டிருந்தது.

அக்கா புடவைத் தலைப்பைச் சுருட்டி வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். பக்கம் முடிந்து பட்டன் தானாக எழும்புகிற வரைக்கும் அந்தக் கையை எடுக்கவில்லை.

"எதுக்கு வாயைப் பொத்திண்டே?" என்றேன்.

"பக்கத்துலேயே உக்காந்திருக்கேனே, மூச்சு விழுந்துடும். குரல் கூடாதுன்னு தெளிவா எழுதியிருக்காளே."

கேஸட்டை எடுத்துத் திருப்பிப் போட்டாள். ஆரம்பி என்று கையைக் காட்டினாள். ஆரம்பித்தேன்.